கடைசியாக வந்த மிதிவண்டி

ஞாயிறுதோறும் விடியலில் மூலக்குளத்திலிருந்து வில்லியனூர்வரை மிதிவண்டி ஓட்டுவது அந்நாளில் எங்கள் வழக்கம். நாங்கள் ஆறு பேர். கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர்கள். அரியப்பாளையம் பாலத்தை எத்தனை நிமிடத்தில் தொட்டோம் என்பதே எங்கள் பேச்சு. அப்பாலத்தின் அடியில் கிடந்த சங்கராபரணி ஆற்றை நாங்கள் நின்று பார்த்ததே இல்லை.

ஏழாவதாக வந்து சேர்ந்தவர் எங்கள் தெருப் பெரியவர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்று அழைப்பர். அவரும் ஒரு சொல்தா. வயது எழுபத்து நான்கு. டைனமோ விளக்குப் பொருத்திய பழைய கறுப்பு ராலே வண்டி அவருடையது. நாங்கள் அழைக்கவில்லை, அவராகவே பின்தொடர்ந்தார். வழியில் பூக்காரம்மாவிடம் நலம் விசாரிப்பார். பாலத்தில் இறங்கி நீர்க்கோழிகளைப் பார்ப்பார். வில்லியனூர்த் தேநீர்க் கடையில் நாங்கள் இரண்டாம் குவளையை முடிக்கும்போதுதான் அவர் வண்டியின் மணியோசை கேட்கும்.

2016 டிசம்பரில் ஒருநாள், காத்திருந்த சலிப்பில், "ஐயா, இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்? வீட்டிலேயே ஓய்வெடுக்கலாமே" என்றேன். பரிவு போல ஒலித்த சொற்கள்தாம். உள்ளே இருந்தது பரிவன்று என்பதை நான் அறிவேன். அவரும் அறிந்திருப்பார். மறுமொழி கூறாமல் விளக்கின் திருகாணியை இறுக்கிக் கொண்டிருந்தார்.

தை மாதத்தில், பிரான்சில் வாழும் மகன் அனுப்பிய பிரெஞ்சு நாளிதழின் பக்கம் ஒன்றைச் சட்டைப்பையில் மடித்து எடுத்து வந்தார். தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னார். ரொபேர் மர்ஷான் என்ற முதியவர், 2017 ஜனவரி 4 அன்று, பாரிஸ் நகருக்கு அருகில் மிதிவண்டிப் பந்தயத்திற்கென அமைந்த உள்ளரங்கில், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். அவருக்கு வயது 105. அந்த வயதினருக்கென்றே ஒரு புதிய பிரிவை ஏற்படுத்த வேண்டியதாயிற்றாம். இன்னும் பத்து நிமிடமே உள்ளது என்று காட்டிய அட்டையைத் தாம் கவனிக்கவில்லை, கவனித்திருந்தால் இன்னும் விரைந்திருப்பேன் என்று அவர் குறைப்பட்டுக் கொண்டதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம்.

மர்ஷான் 1911இல் பிறந்தவர். தீயணைப்பு வீரராகவும், வெனிசுவேலாவில் வண்டியோட்டியாகவும், கனடாவில் மரம் வெட்டுபவராகவும் உழைத்தவர். அறுபத்தைந்தைக் கடந்த பிறகே மிதிவண்டிக்குத் திரும்பினார். இளமையில் ஒரு பயிற்சியாளர், 'உனக்கு இது வராது, விட்டுவிடு' என்று சொல்லியிருந்தாராம். இந்த வரியைச் சொன்னபோது பெரியவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னை ஒருகணம் பார்த்தார். பிறகு அடுத்த வரிக்குச் சென்றார். அவ்வளவுதான்.

பின்னாளில் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். 101 வயதிலிருந்து 103 வயதுக்குள் மர்ஷானின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு ஏறத்தாழ 13 விழுக்காடு உயர்ந்ததாம். பயிற்சியில் பெரும்பகுதி மெதுவான ஓட்டம், சிறுபகுதியே கடுமையானது. சொல்தா ஐயாவின் ஓட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அவரிடம் கைக்கடிகாரக் கணக்கு மட்டும் இல்லை.

அந்த ஆண்டுதான் எங்கள் குழு வளர்ந்தது. எங்கள் வேகத்தைக் கண்டு ஒருவரும் வந்து சேரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செல்லும் பெரியவரைக் கண்டே வந்தார்கள்: ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், பள்ளிச் சிறுவர்கள், முழங்கால் வலிக்காரர் இருவர். முப்பது பேரானதும் அதை மன்றம் என்று அழைக்கத் தொடங்கினோம். கடைசியாக வருபவர் சேரும்வரை தேநீர் சொல்வதில்லை என்பது, யாரும் எழுதி வைக்காமலே, எங்கள் வழக்கமாயிற்று.

2021 மே மாதம் மர்ஷான் 109ஆம் வயதில் மறைந்தார் என்ற செய்தியைப் பார்த்தேன். ஊரடங்குக் காலம், சாலை வெறிச்சோடிக் கிடந்தது. அச்செய்தியைச் சொல்வதற்குச் சொல்தா ஐயா இல்லை. அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே உறக்கத்தில் காலமாகியிருந்தார். டிசம்பரில் நான் சொன்ன சொல்லுக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க எண்ணி எண்ணித் தள்ளிப் போட்டவன் நான்.

அவருடைய ராலே வண்டியை என்னிடமே கொடுத்திருந்தார்கள். அன்று மாலை அதன் சக்கரங்களுக்குக் காற்றடித்தேன். மிதியைக் கையால் சுழற்றியபோது டைனமோ உறுமியது. விளக்கு மங்கலாக எரிந்தது.