பெயர் மாற்றுகிறவர்களுக்குத் தேக்கா சொல்வது

பல ஆண்டுகளாக நடந்துவரும் நிகழ்ச்சிக்குப் புதுப் பெயர் வைக்கப் போகிறோம், யோசனை சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் சந்திக்கும் முனையில் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வரச் சொல்வேன். பெயர் மாற்றத்தைப் பற்றி விளம்பர நிறுவனங்கள் சொல்லித்தராத பாடம் ஒன்று அங்கே கட்டடங்களாகவே நிற்கிறது.

ஒரு பக்கம் தேக்கா சென்டர். சாலைக்கு எதிர்ப்புறத்தில்தான் 1915ல் கட்டிய பழைய சந்தை இருந்தது. ஏட்டில் அது கண்டாங் கெர்பாவ் சந்தை. வாங்குவோருக்கும் விற்போருக்கும் தேக்கா. 1982ல் அந்தச் சந்தையை இடித்து, வியாபாரிகளை இன்றைய கட்டடத்துக்கு மாற்றியபோது அதற்கு ‘ஜுஜியாவ் சென்டர்’ என்று பெயரிட்டார்கள். மக்கள் வழங்கிய ஹொக்கியன் பெயரைச் சீன எழுத்தில் எழுதி மாண்டரினில் வாசித்தால் அப்படித்தான் வரும். முறைப்படி பிழையே இல்லை. ஆனால் ஆட்டிறைச்சி வாங்க வந்த தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் அது நாவில் ஏறவில்லை. பலகையில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்று பதினெட்டு ஆண்டுகள் ஓடின. கடைசியில் பலகைதான் விட்டுக்கொடுத்தது. 2000ல் கட்டடம் தேக்கா சென்டர் ஆனது.

எதிர்ப்புறத்தின் கதையும் இதேதான். 2003ல் அங்கே ‘தேக்கா மால்’ வந்தது. 2009ல் அதன் பெயரை ‘தி வெர்ஜ்’ என்று மாற்றினார்கள். 2017ல் அது மூடப்பட்டது. 2020ல் அதே இடத்தில் திறந்த புதுக் கட்டடத்துக்கு வைத்த பெயர் ‘தேக்கா பிளேஸ்’. ஒரே முனையில் இரண்டு முறை தேக்காவை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு முறையும் அது திரும்பி வந்துவிட்டது. பேட்டை முழுவதற்கும் சுற்றுலாத் துறை ‘லிட்டில் இந்தியா’ என்ற பெயரைப் பரப்பியது. ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயர்தான். இருந்தும், ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கே போகிறாய் என்று கேட்டால் நம் ஆட்கள் சொல்வது, “தேக்காவுக்கு.”

இந்தக் கதையை நான் மனத்தில் அசைபோட நேர்ந்தது ஒரு வலையொலியால். பாட்காஸ்ட் என்று பரவலாக வழங்குகிற அதை நண்பர்கள் சிலர் இங்கே தமிழில் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறார்கள். வார இறுதி அரட்டையாகத் தொடங்கியது. நாளாக ஆக, மூத்தவர்களின் நினைவுகள், தொழிலாளர் வாழ்க்கை, புத்தகம் என்று அதன் முகமே மாறிவிட்டது. விளையாட்டாக வைத்த பழைய பெயரைச் சொல்லி எண்பது வயதுப் பெரியவரைப் பேட்டிக்கு அழைக்கவே சங்கடமாக இருக்கிறது என்றார்கள். அது நியாயமான காரணம். உள்ளடக்கம் வளர்ந்து பெயர் சிறுத்துப்போனால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் எங்களுக்கே அலுத்துவிட்டது என்பது காரணமாகாது. நடத்துகிறவர்கள் அந்தப் பெயரைத் திட்டமிடும்போதும், பதிவிலும், வெட்டி ஒட்டும்போதும் ஓயாமல் கேட்கிறார்கள். கேட்பவர் காதில் அது வாரம் ஒரு முறை சில விநாடிகள் விழுகிறது. நமக்குப் புளித்துப்போன நாளில்தான் அவருக்கு அது பழகத் தொடங்கியிருக்கும்.

சிங்கப்பூர்த் தமிழ் ஒலிபரப்பு இந்தப் பாதையில் நமக்கு முன்பே நடந்திருக்கிறது. 1990களில் வளர்ந்தவர்களுக்கு ‘ஒலிக்களஞ்சியம் 96.8’ நினைவிருக்கும். பின்னர் அது ‘ஒலி 96.8’ என்று சுருங்கியது. இப்போது எழுத்தில் புள்ளியும் போய் ‘ஒலி 968’. இதற்கிடையில் அதை நடத்திய நிறுவனத்தின் பெயரும் பலமுறை மாறியது. 1980ல் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம்; 1994ல் அது தனியார்மயமானபோது வானொலிக்கென்று தனிக் கழகம்; பிறகு மீடியாகார்ப். நிலையமும் கால்டிகாட் குன்றிலிருந்து ஒன்-நார்த் பகுதிக்கு இடம் மாறியது. கேட்பவர் ஏன் காணாமல் போகவில்லை? அவர் கை திருகுகிற எண் மாறவில்லை. அவர் சமையற்கட்டில் வானொலிப் பெட்டியின் முள் 96.8லேயே நின்றது. பெயர் சுருங்கியபோதும் முதல் இரண்டு எழுத்து அப்படியே இருந்தது.

தொலைக்காட்சியிலும் அதே கதை. 2000ல் ‘சென்ட்ரல்’ ஒளிவழியில் தமிழுக்கென்று ஒதுக்கிய நேரத்துக்கு ‘வசந்தம் சென்ட்ரல்’ என்று பெயர். 2008 அக்டோபர் 19ஆம் தேதி அது தனி ஒளிவழியானபோது ‘சென்ட்ரல்’ உதிர்ந்து ‘வசந்தம்’ நின்றது. தேக்காவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. 1966ல் மட்டும் 39,835 பிரசவங்கள் பார்த்து கின்னஸ் புத்தகத்தில் ஏறிய மருத்துவமனை அது. 1997ல் புதுக் கட்டடத்துக்குப் போனபோது கேகே மகளிர், சிறார் மருத்துவமனை ஆனது. ‘கேகே’யை யாரும் கைவிடச் சொல்லவில்லை.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஏற்கெனவே புழங்கும் பெயரை நோக்கி நகர்ந்த மாற்றங்கள் நிலைத்தன. அதைவிட்டு விலகிப் போனவை, எவ்வளவு முறையாக யோசித்து வைத்திருந்தாலும் நிலைக்கவில்லை. எனவே, பெயர் மாற்ற நினைப்பவரின் முதல் வேலை, கேட்பவர்கள் இப்போது நம்மை எப்படி அழைக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பது.

கேட்டால் வியப்பான பதில்கள் வரும். பஃபலோ ரோட்டில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, மாலை கட்டும்போது கைபேசியில் பேச்சு நிகழ்ச்சி ஏதாவது ஓடவிட்டிருப்பார். விரல்கள் பாட்டுக்கு நூலைச் சுற்றி முடிச்சிட, கண் வாடிக்கையாளர் மேல், காது கைபேசியில். ஒருநாள், “இது என்ன நிகழ்ச்சிக்கா?” என்று கேட்டேன். “பேரு தெரியலையே தம்பி. வியாழக்கிழமையானா வந்துடும். ஒரு பொண்ணும் ஒரு தம்பியும் பேசுவாங்க. மஞ்சக் கலர்ல படம் போட்டிருக்கும், அதைத் தட்டுனா போதும்” என்றார். வாராவாரம் தவறாமல் கேட்கிறவர் அவர். அவரைப் பொறுத்தவரை நிகழ்ச்சி என்பது ஒரு கிழமை, இரண்டு குரல், ஒரு நிறம்.

நண்பர்களிடம் இதைச் சொன்னேன். அவர்கள் அப்போது பெயர், நிறம், தொடக்க இசை, வெளியாகும் கிழமை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றும் திட்டத்தில் இருந்தார்கள். நீண்ட விவாதத்துக்குப் பிறகு பெயர் மட்டும் மாறியது. நிறமும் இசையும் கிழமையும் அப்படியே நின்றன. முகப்புப் படத்திலும் ஒரு கவனம் தேவைப்பட்டது. ஆப்பிள் கேட்பது 1400 முதல் 3000 படப்புள்ளி வரை பக்கமுள்ள சதுரம். வடிவமைக்கும்போது கணினித் திரை நிறைய அழகாகத் தெரியும். கைபேசிப் பட்டியலில் அது கட்டைவிரல் நக அளவுக்குச் சிறுத்துவிடும். தமிழ்ப் பெயர்கள் இயல்பாகவே நீளமானவை. மெய்யெழுத்தின் புள்ளி அந்த அளவில் கண்ணுக்கே படாது. இரண்டு சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்ற முடிவு அந்தச் சிறு படத்தைப் பார்த்துத்தான் பிறந்தது. தேடும்போது எப்படித் தட்டச்சுவார்கள் என்பதும் முக்கியம். ஒற்று மிகுமா மிகாதா என்ற ஐயம் வரும் பெயரும், ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதக்கூடிய பெயரும் தேடுபவருக்குக் கிடைக்காமலே போகலாம்.

கேட்பவர் கண்ணுக்குத் தெரியாத வேலை இன்னும் இருக்கிறது. அதில்தான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. வலையொலி என்பது அடிப்படையில் ஓர் ஆர்எஸ்எஸ் ஓடை. எந்தப் பகுதி எப்போது வந்தது, ஒலிக்கோப்பு எங்கே இருக்கிறது என்று பட்டியலிடும் சிறு கோப்பு அது. செயலிகளில் நாம் பார்ப்பது அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டுவதுதான். வானொலிக்கு 96.8 எப்படியோ, வலையொலிக்கு அந்த ஓடையின் முகவரி அப்படி. பெயரை அந்தக் கோப்பில் திருத்தினால், சந்தாதாரர் எதுவும் செய்யாமலே புதுப் பெயர் அவர் கைபேசிக்குப் போய்ச் சேரும். புதுப் பெயரில் புது ஓடை தொடங்கினால், பழைய சந்தாதாரர் யாருக்கும் தகவலே போகாது. அவர் பழைய முகவரியில் காத்திருப்பார்; நிகழ்ச்சி நின்றுவிட்டது என்று எண்ணிக்கொள்வார்.

ஒலிக்கோப்புகளைச் சேமித்துவைக்கும் நிறுவனத்தை மாற்றுவதால் முகவரியும் மாறியே தீரும் என்றால், பழைய முகவரியில் ‘301’ என்ற நிரந்தர வழிமாற்று வைக்க வேண்டும். வீடு மாறுகிறவர் பழைய வீட்டுக்கு வரும் தபாலைப் புது வீட்டுக்கு அனுப்ப அஞ்சலகத்தில் எழுதிக் கொடுப்பது போன்ற ஏற்பாடு அது. குறைந்தது நான்கு வாரமாவது அதை விட்டுவைக்கச் சொல்கிறது ஆப்பிள். முடிந்தவரை எடுக்காமலே இருப்பது நல்லது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓடையில் ஓர் அடையாளக் குறி உண்டு. இடம் மாறும்போது அது மாறிப்போனால் செயலிகள் பழைய பகுதிகளையெல்லாம் புதியவை என்று எண்ணி மறுபடி இறக்கத் தொடங்கும். ஒரு காலையில் கைபேசியில் நூறு பழைய பகுதிகள் வந்து குவிந்தால், பொறுமைசாலியும் சந்தாவை நீக்கிவிடுவார். பெயர் சூட்டு விழாவுக்கு ஒரு மாதம் யோசிக்கிறவர்கள் இந்த வேலைக்கு ஒரு முழு நாளாவது ஒதுக்க வேண்டும்.

பழைய பகுதிகளை என்ன செய்வது என்ற கேள்வியும் வந்தது. பழைய பெயர் ஒலிக்கும் தொடக்க வணக்கத்தை வெட்டிவிட்டு, புதுப் பெயரைப் பதிந்து ஒட்டலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்பதே என் கருத்து. 1979ல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணியில் சிங்கப்பூர் சேர்த்துவைத்த குரல்கள் எல்லாம் அந்தந்தக் காலத்துப் பெயர்களைத்தான் பேசுகின்றன. அதனால்தான் அவை ஆவணம். பழைய பகுதியில் பழைய பெயர் ஒலிப்பது குறை அல்ல. அந்த நிகழ்ச்சிக்கு வயது உண்டு என்பதற்கு அதுவே சான்று.

பழைய பெயர் மக்கள் மனத்தில் எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு இலங்கை வானொலியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ரேடியோ சிலோன் 1967லேயே கூட்டுத்தாபனம் ஆகிவிட்டது. 1972ல் நாட்டின் பெயரே மாறியது. தமிழ்நாட்டில் அதன் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதற்குப் பிறகும் ‘சிலோன் ரேடியோ’ என்றே சொன்னார்கள்; இன்றும் அப்படியே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டுத்தாபனம் என்ற சொல்லால் அந்தப் பாசத்தை அசைக்க முடியவில்லை; அசைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மறுபுறம், 1935ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசைப் பாருங்கள். அதை நடத்தும் நிறுவனம் மாறியது, அச்சு முறை மாறியது, பக்க அமைப்பு மாறியது, கைபேசிக்கும் வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. புதுப்பிப்பதென்றால் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் அந்தத் தலைப்பை ஒருமுறை பார்க்கலாம்.

இதெல்லாம் தமிழுக்கு இங்கே கூடுதலாகப் பொருந்துகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. அவர்களில் தமிழில் பேச்சு நிகழ்ச்சி கேட்கிறவர் எத்தனை பேர் இருந்துவிட முடியும்? பெருமொழி நிகழ்ச்சிகள் பெயர் மாற்றத்தில் ஆயிரம் பேரை இழந்தால் அடுத்த மாதமே வேறு ஆயிரம் பேரைப் பிடித்துக்கொள்ளும். நமக்கு அந்த வசதி இல்லை. நாம் தொலைக்கும் ஒவ்வொருவரும், தமிழில் கேட்கலாம் என்று தானாகவே முடிவெடுத்து வந்தவர். புதிதாக ஒருவரைச் சேர்ப்பதைவிட அவரைத் தக்கவைப்பது முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நண்பர்களின் வலையொலி இப்போது புதுப் பெயரில் வருகிறது. பல மாதங்கள்வரை ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொன்னார்கள். ஏன் மாற்றினோம் என்று ஒரு முழுப் பகுதியில் விளக்கினார்கள். நேயர்கள் அதற்கு நெடிய மறுமொழிகள் அனுப்பினார்கள். சிலர் வாழ்த்தினார்கள், சிலர் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டவர்களுக்கும் ஒவ்வொருவராகப் பதில் போனது. அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். இனி இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நேரில் சந்திக்கும்போது பழைய பெயரைச் சொல்லி உங்களை விசாரிப்பவரைத் திருத்தாதீர்கள். தொடக்கத்திலிருந்து உங்களோடு வருகிறவர் அவர்தான்.