ஓயாது திரியும் துகள்கள்

பூசையறையில் ஏற்றிய ஊதுவத்தியின் மணம் சிறிது நேரத்தில் வாசல்வரை வந்துவிடுகிறது. காற்றோட்டமே இல்லாத அறையிலும் அம்மணம் மெல்லப் பரவும். வாயுத் துகள்கள் ஓரிடத்தில் நில்லாமல் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம்.

திண்மப் பொருளின் துகள்கள் தத்தம் இடத்திலேயே அதிர்கின்றன. நீர்மத்தின் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவிச் செல்கின்றன. வாயுவின் துகள்களோ கிடைத்த இடமெங்கும் பரந்து திரிகின்றன. அறை வெப்பநிலையில் காற்றின் துகள்கள் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் பாய்கின்றன. அவ்வளவு விரைவிருந்தும் மணம் உடனே வந்து சேர்வதில்லை. திருவிழாக் கூட்டத்தில் ஓட முயலும் சிறுவன் அடிக்கு ஒருவர்மீது இடித்துத் திரும்புவதுபோல, ஒவ்வொரு துகளும் நொடிக்குப் பல நூறு கோடி முறை பிற துகள்களோடு மோதித் திசை மாறுகிறது.

துகள்கள் கலத்தின் சுவரிலும் ஓயாது மோதுகின்றன. அம்மோதலே வாயுவின் அழுத்தம் என்று டேனியல் பெர்னூலி என்னும் அறிஞர் 1738ஆம் ஆண்டிலேயே விளக்கினார். வெப்பநிலை உயர்ந்தால் துகள்கள் மேலும் விரைந்து, மேலும் வலுவாக மோதும். சனவரிக் காலையில் 5 பாகை செல்சியசில் இருக்கும் மூடிய கலம் ஒன்று, மே மாத நண்பகலில் 45 பாகையை அடைந்தால், அதனுள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடும். கோடை வெயிலில் நிறுத்திய மிதிவண்டியின் சக்கரம் விறைப்பதும், குளிர்காலத்தில் தளர்வதும் இதனால்தான்.

வெப்பமுற்ற காற்று விரிந்து, இலேசாகி, மேலே எழும். புகையையும் உடன் கொண்டு செல்லும். ஆனால் வட இந்தியாவின் குளிர்கால இரவுகளில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தாழ்வில் தங்குகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்று மூடிபோல் அமைகிறது. இதனை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்பர். தில்லியின் புகை மேலெழ வழியின்றி மக்கள் மூச்சில் கலப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்குளிரில் வேறோர் இடர் வீட்டுக்குள்ளேயே பதுங்கியிருக்கிறது. அங்கீட்டி எனப்படும் கணப்புச் சட்டியில் கரியை மூட்டி, கதவு சன்னல்களை அடைத்துவிட்டு உறங்குவோர் உண்டு. போதிய ஆக்சிஜன் இன்றிக் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஊதுவத்தியின் மணம் நம்மை எச்சரித்தே வருகிறது. இவ்வாயு அவ்வாறு வருவதில்லை. இதன் எடை காற்றின் எடையை ஒத்திருப்பதால், அறை முழுதும் கலந்து நிற்கிறது. தரையில் படுத்தாலும் கட்டிலில் படுத்தாலும் தப்ப இயலாது. குருதியின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது பற்றிக்கொள்கிறது. உறங்கியவர் விழிக்காமலேயே போவதும் உண்டு.

தென்னாட்டின் சமவெளியிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இத்தகைய குளிர் புதிது. கணப்புச் சட்டியும் புதிது. குளிருக்கு அஞ்சிச் சன்னலை அடைக்கும் பெற்றோரிடம், பள்ளியில் பயிலும் பிள்ளை இச்செய்தியை எடுத்துரைக்கலாம். உறங்குமுன் கணப்பை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். தணல் மூட்டிய அறையில் சன்னல் திறந்தே இருக்க வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத துகள்களின் இயல்பை அறிந்த பிள்ளை, ஒரு வீட்டின் உயிர்களைக் காக்க வல்லது.

சிந்தித்து எழுதுக
1. துகள்கள் மிக விரைவாக ஓடினாலும் மணம் மெல்லப் பரவுவது ஏன்?
2. கணப்புச் சட்டியின் இடரை உம் வீட்டுப் பெரியவர்களுக்கு எவ்வாறு எடுத்துரைப்பீர்?