பெயர் கிடைத்த பிறகு

சொற்களோடு உறவாடும் நமக்கு, ஒன்றுக்குப் பெயரிட்டுவிட்டாலே அது மறதியிலிருந்து மீண்டுவிடும் என்றொரு நம்பிக்கை உண்டு. மோன்ட்செனி நீரோடை நியூட்டைப் பற்றி வாசிக்கையில் அந்த நம்பிக்கையின் எல்லை நமக்குப் புலப்படுகிறது.

ஸ்பெயினின் கட்டலோனியாவில், பார்சிலோனா நகருக்கு வடகிழக்கே உள்ளது மோன்ட்செனி மலைத்தொடர். அங்கே தோர்தேரா ஆற்றில் கலக்கும் சில சிற்றோடைகளே இவ்வுயிரின் பூர்வீக உலகம். பார்வைக்குப் பல்லி போலிருப்பினும் இது தவளையைப் போல நீர்நில வாழ்வி. நீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். நியூட்களில் பல, ஆண்டின் ஒரு பகுதியைக் கரையில் கழிப்பவை. இதுவோ வாழ்நாள் முழுவதையும் நீரிலேயே கழிக்கிறது. பெரும்பாலும் தோலின் வழியே சுவாசிப்பதால், நீர் குளிர்ந்ததாகவும் ஓடிக்கொண்டிருப்பதாகவும் இருக்க வேண்டும். அந்தக் குளிர்ச்சியைக் காப்பது பீச், ஓக் மரங்களின் நிழல். பகலில் கற்களுக்கடியில் பதுங்கும். முட்டைகளையும் கல்லிடுக்குகளில்தான் இடும்.

நெடுநாள் இது பிரனீஸ் மலை நியூட் என்றே கருதப்பட்டது. 2005இல் சல்வதோர் கர்ரான்சாவும் ஃபெலிக்ஸ் அமாத்தும் இதனைத் தனி இனமென நிறுவினர். நிக் ஆர்னால்ட் என்ற ஆய்வாளரைச் சிறப்பிக்கும் வகையில் கலோட்ரிடான் ஆர்னால்டி என்று பெயரிட்டனர். சில ஆண்டுகளிலேயே அப்பெயர் மிகக் கடுமையான அழிவாபத்திலுள்ள உயிர்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

தோர்தேரா பள்ளத்தாக்கின் இருபுறமும் வாழும் கூட்டங்கள் நெடுங்காலமாக ஒன்றோடொன்று கலந்ததில்லை. கிழக்குப் பக்கத்தவற்றுக்கு உடலில் மஞ்சள் புள்ளிகள் உண்டு. மேற்கே அவை இல்லை. 2007இல் தொடங்கிய காப்பக இனப்பெருக்கத்திலும் இரு கூட்டங்களும் தனித்தனியாகவே வளர்க்கப்படுகின்றன. அங்கே பிறந்தவை, பொருத்தமான வேறு ஓடைகளில் விடப்பட்டும் வருகின்றன.

ஆயினும் ஓடைநீர் மனிதத் தேவைகளுக்காகத் திருப்பப்படுகிறது. வறட்சியும் வெப்பமும் கூடுகின்றன. ஓடை வற்றினால் நிலத்தில் ஊர்ந்து அடுத்த ஓடைக்குப் போகும் வழக்கம் இவ்வுயிருக்கு இல்லை. பெயர் கிடைத்ததனால்தான் அதைத் தேடிச் சென்றார்கள், எண்ணினார்கள், காப்பகம் அமைத்தார்கள். இவை சிறிய காரியங்கள் அல்ல. ஆனால் கோடையில் அந்த ஓடையில் எவ்வளவு நீரை விட்டுவைப்பது என்பதைப் பெயர் முடிவு செய்வதில்லை. நீரை எடுப்பவர்களே முடிவு செய்கிறார்கள். குழாயைத் திறக்கும் நாமும் ஏதோவோர் ஓடையைப் பொறுத்தவரை அவர்களில் ஒருவரே.