விழுந்ததை மறைக்காதீர்கள்



நம் வயதுக்காரர்கள் சந்தித்தால் "சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். "கீழே விழுந்தீங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. விழுந்தவரும் சொல்வதில்லை. சொன்னால் பிள்ளைகள் தனியாக வெளியே விடமாட்டார்கள் என்ற பயம்.

என்னோடு பணியாற்றிய தலைமையாசிரியர் ஒருவர் இரண்டு முறை விழுந்ததை வீட்டில் மறைத்துவிட்டார். மூன்றாம் முறை இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தும் பழைய நடை திரும்பவில்லை. முதல் முறையே சொல்லியிருந்தால் காரணம் தெரிந்திருக்கும்.

படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கும். இளவயதில் உடம்பு அதை நொடியில் சரிசெய்துகொள்ளும். வயதானால் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் தலை சுற்றும். பிரஷர், ப்ராஸ்டேட், தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தத் தள்ளாட்டம் கூடுதலாக வரலாம். அதற்காக மாத்திரையை நாமே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்லுங்கள். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருந்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்று அவர் முடிவு செய்வார்.

இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள். பாதங்களைப் பத்து முறை மேலும் கீழும் அசையுங்கள். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வழியில் சின்ன இரவு விளக்கு, கழிப்பறைச் சுவரில் கைப்பிடி, வழுக்காத கால்மிதி, இவை போதும். வேட்டி நுனியும் தேய்ந்த செருப்பும் தடுக்கிவிடும், கவனம்.

நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது தசை வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுவரோரம் நாற்காலியைப் போட்டு, முடிந்தவரை கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். முடியாதவர்கள் கை ஊன்றியே தொடங்கலாம்.

கைத்தடி பிடித்தால் கிழவன் என்பார்களாம்! முப்பது வருடம் பிரம்பு பிடித்த கைதானே, இதற்கென்ன வெட்கம்?

இன்று மாலை உங்கள் மூத்த நண்பர் ஒருவருக்குப் போன் செய்யுங்கள். சுகரை அப்புறம் விசாரிக்கலாம். "சமீபத்தில் எங்கேயாவது விழுந்தீங்களா?" என்று முதலில் கேளுங்கள்.

வாழ்க நலமுடன்.