கிண்ணத்தின் கணக்கு

தட்டையான துணியால் வளைந்த உடலை மூடுவது தையற்கலையின் பழைய சிக்கல். ரவிக்கை தைப்பவர் ‘டாட்’ பிடித்து அதனைத் தீர்க்கிறார். துணியை மடித்துத் தைத்து, மார்பின் குவிவுக்கு இடம் உண்டாக்குகிறார். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே மேலாடையில் மடிக்கவும் வெட்டவும் எதுவுமில்லை. துணி பிறக்கும்போதே வளைந்து பிறக்க வேண்டும். சென்ற கோடையில் பருத்தி நூலில் அப்படியொரு மேலாடையைப் பின்னிய பிறகு, குவிவு என்பது எண்ணிக்கையே என்று விளங்கியது.

நடு வளையத்தில் ஆறு சிங்கிள் குரோஷே இட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஆறு தையல்களைக் கூட்டினால், 6, 12, 18, 24 என விரிந்து தட்டையான வட்டம் கிடைக்கும். கூட்டுவதை நிறுத்தினால் விளிம்பு எழும்பிக் கிண்ணமாகும். மிகுதியாகக் கூட்டினால் விளிம்பு அலையலையாய் நெளியும். கணிதவியலாளர் டைனா டைமினா 1997இல் இந்த நெளிவைக் கொண்டுதான் அதிபரவளைவுத் தளத்தை மாணவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும்படி பின்னிக் காட்டினார்.

மேலாடைக்கு வட்டம் உதவாது, முக்கோணம் வேண்டும். நடுவில் ஒரு சங்கிலி இட்டு, அதன் ஒருபுறம் ஏறி, உச்சியில் ஒரே கண்ணில் மூன்று தையல்கள் இட்டு, மறுபுறம் இறங்க வேண்டும். வரிசைகள் கூடக் கூட முக்கோணம் வளரும். பின்பு கீழ்விளிம்பில் சீரான இடைவெளியில் இரண்டிரண்டு தையல்களை ஒன்றாக்கினால், விளிம்பு சுருங்கி நடுப்பகுதி புடைத்தெழும். எத்தனை இடங்களில் ஒன்றாக்குவது என்பதை அணிபவரின் உடலே தீர்மானிக்கும். மார்பின் கீழ்ப் பட்டியை உடற்சுற்றளவைவிடச் சற்றுக் குறைத்தே பின்ன வேண்டும். பருத்தி தன் எடையால் தொய்யக்கூடியது.

குறிப்பேட்டின் மொழியையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பதைப் பிரித்தானியர் டபுள் குரோஷே என்பர். சொல் ஒன்று, தையல் வேறு; எந்த நாட்டு வழக்கு என்று அறியாமல் தொடங்கினால் கிண்ணத்தின் உயரமே மாறிவிடும்.

வேலை நேரத்தைக் கள ஆய்வுக் குறிப்புப்போல் எழுதி வந்தேன். மொத்தம் 34 மணி நேரம். இரண்டு கிண்ணங்களுக்கு மட்டும் 11. ஆடையைப் பார்த்த நண்பர் ஒருவர், “நல்ல பொழுதுபோக்கு” என்றார். அன்போடு சொன்ன சொல்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு.

கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாப்பூர்ப் பகுதிப் பெண்கள், 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மறைப்பணியாளர்கள் வழியாக வந்த குரோஷே லேஸ் வேலையைத் தலைமுறைகளாகச் செய்து வருகின்றனர். ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் அவர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்காக உழைத்த அப்பெண்கள் தொழிலாளர்களாகக் கருதப்படவில்லை. ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாகக் கழிக்கும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டனர் என்பது அவர் காட்டிய உண்மை. ஓய்வுக்குக் கூலி எதற்கு? கூலி மிகக் குறைவாக இருந்ததற்கும், வணிகம் வளர்ந்ததற்கும் அந்த ஒரு சொல்லே போதுமான நியாயமாயிற்று. நரசாப்பூர் லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. பின்னும் பெண்ணின் மணி நேரத்துக்கு அது விலை வைப்பதில்லை.

பின்னலாடை ஆலைகள் குரோஷேயின் தோற்றத்தைப் போலச் செய்யும். ஆனால், தையலைத் தையலாகக் கூட்டியும் குறைத்தும் உருவாகும் மெய்யான குரோஷே இன்றும் கைவேலையே. அண்மையில் இணையக் கடையொன்றில், கையால் பின்னியது என்ற குறிப்புடன், ஏறத்தாழ என்னுடையதைப் போன்ற மேலாடை 799 ரூபாய்க்குக் கிடைத்தது. பழகிய கை என்னைவிட இருமடங்கு விரைவானது என்று கொள்வோம். 17 மணி நேரம். நூல் விலை, முகவர், கடை, அனுப்புகை எதையும் கழிக்காமல் முழுத்தொகையும் பின்னியவருக்கே போனாலும் மணிக்கு 47 ரூபாய். கழித்தால் மிஞ்சுவது என்ன?

அத்தகைய ஆடை கையில் கிடைத்தால் கிண்ணத்தின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு தையல்கள் ஒன்றாகும் இடங்கள் சிறு முடிச்சுகளாய்த் தெரியும். அவ்விடம் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் எண்ணியிருக்கிறார். எண்ணுதல் வேலை, வேலைக்கு வேலை என்றே பெயர்.