அவிஞ்ஞோனில் மூன்று நாள்

பாப்பரசர் என்றால் ரோமாபுரி என்பதுதான் நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் 1309ஆம் ஆண்டு ஐந்தாம் கிளமெண்ட் என்ற பாப்பரசர், ரோன் ஆற்றங்கரையில் இருக்கும் அவிஞ்ஞோன் என்ற ஊருக்கு வந்து தங்கினார். அவரைச் சேர்த்து ஏழு பாப்பரசர்கள் அங்கிருந்தே சபையை நடத்தினார்கள். 1377இல்தான் பாப்பரசர் மறுபடி ரோமுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பிரெஞ்சு மொழியில் படித்த எங்களுக்கு இந்த ஊர்ப் பெயர் சின்ன வகுப்பிலேயே பழக்கம். அதன் பாலத்தைப் பற்றி ஒரு குழந்தைப் பாட்டு உண்டு. கைகோத்து வட்டமாகச் சுற்றிக்கொண்டு பாடுவோம். எந்த ஊர், எந்தப் பாலம் என்று யாருக்குத் தெரியும்? எழுபது தாண்டிய பிறகு அதைப் பார்க்கும் வாய்ப்பு சென்ற அக்டோபரில் கிடைத்தது.

போனது மூன்று பேர். மூவரும் புதுச்சேரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருவர் ஓய்வு பெற்ற பிரெஞ்சு வாத்தியார். இன்னொருவர் பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றிய சொல்தா, பாரீஸ் பக்கம் குடியிருக்கிறார். மூன்றாவது, அரசு அலுவலகத்தில் கோப்பு புரட்டிய நான். பாரீஸிலிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் அவிஞ்ஞோன் வந்துவிடுகிறது.

பழைய ஊரைச் சுற்றி நாலு கிலோமீட்டருக்கு மேல் மதில் சுவர், இன்றும் முழுசாக நிற்கிறது. உள்ளே எல்லாம் நடைதான். எங்கள் முழங்கால்களின் யோக்கியதைக்கு அது நல்ல சோதனை. அதோடு மிஸ்திரால் என்று ஒரு வடக்குக் காற்று. வாத்தியாரின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

பாப்பரசர் மாளிகை கோயிலா, கோட்டையா என்று கேட்கத் தோன்றும். பன்னிரண்டாம் பெனடிக்ட் கட்டிய பாதியில் அலங்காரம் இல்லை. ஆறாம் கிளமெண்ட் கட்டிய பாதியில் சித்திரங்கள். இருவருமாக இருபது வருஷத்துக்குள் கட்டி முடித்திருக்கிறார்கள். ஒரு மராமத்து எஸ்டிமேட் கையெழுத்தாகி வரவே எத்தனை வருஷம் ஆகும் என்று அறிந்த எனக்கு, அதுதான் பெரிய அதிசயம். பிற்காலத்தில் இந்த மாளிகை இராணுவ முகாமாகவும் இருந்தது. அப்போது சிப்பாய்கள் சுவர்ச் சித்திரங்களைப் பெயர்த்து விற்றார்களாம். “இதற்கும் நான்தான் பதில் சொல்லணுமா?” என்றார் சொல்தா.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது வேறு ஒரு விஷயம். 1348இல் ஆறாம் கிளமெண்ட் இந்த ஊரை நேப்பிள்ஸ் அரசி ஜோனிடம் 80,000 பொற்காசுக்கு விலைக்கு வாங்கினார். அதிலிருந்து 400 வருஷத்துக்கு மேல் அவிஞ்ஞோன் பாப்பரசர் சொத்து. ஆற்றுக்கு அக்கரையில் பிரெஞ்சு அரசனின் காவல் கோபுரம், இக்கரையில் வேறு ஆட்சி. 1791இல் புரட்சி அரசாங்கம் ஊரைப் பிரான்சோடு சேர்த்துக்கொண்டது. பாப்பரசர் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டது 1797இல்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கதையேதான்! சுற்றிலும் வெள்ளைக்காரன் இந்தியா, நடுவில் பிரெஞ்சு புதுச்சேரி. 1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. அவர்களுக்கு ஆறு வருஷம், நமக்கு எட்டு வருஷம்.

அந்த 1962இல் இங்கே பிறந்து வாழ்ந்தவர்களுக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் இந்தியர். பிள்ளைகளுக்கும் சேர்த்து அப்பா போடும் கையெழுத்துதான். சொல்தாவின் அப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. எங்களுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அறுபது வருஷத்தில் நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டாம் நாள் மாலை பாலத்துக்குப் போனோம். 1185இல் முடிந்த பாலம். 22 வளைவுகள் இருந்தனவாம். வெள்ளம் மாற்றி மாற்றி இடித்ததில், பழுது பார்த்துச் சலித்து, 17ஆம் நூற்றாண்டில் கைவிட்டார்கள். மீதி நாலு வளைவு. அதுவும் ஆற்றின் நடுவில் நின்றுவிடுகிறது.

விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்தா கேட்டார்: “உங்க அப்பா செஞ்சது சரியா, எங்க அப்பா செஞ்சது சரியாடா?”

நான் உண்மையைச் சொன்னேன். “மாசம் பிறந்தா உனக்கு வர்ற பென்ஷனை நினைச்சு எங்க வீட்டுல பெருமூச்சு விட்டதுண்டு.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “உங்க அம்மாவுக்கு நீ கொள்ளி வெச்சே. எங்க அம்மாவுக்கு நான் வந்து சேரறப்போ பதினாறாம் நாள் காரியம் நடந்துக்கிட்டிருந்தது. அதை எந்தப் பென்ஷன்ல சேர்க்கறது?” என்றார்.

மனைவி போய் மூன்று வருஷம். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். தமிழ் பேச ஆள் இல்லை என்றார். “அங்கேயே வந்துடலாமான்னு பார்க்கறேன். ஆனா பேரப் பிள்ளைங்க இங்கே இருக்காங்களே.”

வாத்தியார்தான் வழி சொன்னார். “இப்பவும் ஒரு கையெழுத்துல முடிவு பண்ணணும்னு யாருடா சொன்னது? குளிர் காலத்துல அங்கே வா, வெயில் காலத்துல இங்கே இரு.”

மூன்று பேரும் சிரித்தோம். அந்தக் காற்றில் பாட்டையும் ஒரு முறை பாடினோம். ஆடவில்லை, முழங்கால் விடவில்லை. பழைய நாளில் ஜனங்கள் ஆடியது பாலத்தின் மேல் அல்ல, அதன் அடியில் இருந்த தீவில்தான் என்கிறார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தூரத்தில் இருக்கும் சிநேகிதரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். போனில் கேட்க முடியாததைக் கேட்கலாம்.

சொல்தா பொங்கலுக்கு வருகிறார், மாசி மகம் வரை இருப்பார். அவர் வீட்டு மாடி அறை பூட்டியே கிடந்ததில் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.