ஒல்லியாக இருந்த அம்மா

மன்னார்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியமாக ஊர் வந்து சேர்ந்தேன். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் ரத்த அழுத்தம் 152/96. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னது நியாயம்தான். 168 சென்டிமீட்டர் உயரத்துக்கு 91 கிலோ என்றால் பிஎம்ஐ 32. நம் நாட்டு உடம்புக்கு 25-ஐத் தொட்டாலே பருமன் என்கிறார்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது; உன் பேண்ட் அளவை நீயே பார்த்துக்கொள். இதில் உனக்காக நான் வாதாடப் போவதில்லை.

ஆனால், "வெயிட் குறைந்தால் எல்லாம் சரியாகிடும்க்கா" என்று நீ சொன்னபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. 44 கிலோவைத் தாண்டாதவள். உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. 57 வயதில் மாரடைப்பில் போனாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "ஒல்லியாத்தானே இருந்தாங்க" என்றார்கள். ஊதுகுழலை வைத்துக்கொண்டு, சவுக்கு மிலாறும் வறட்டியும் புகைய, கண்ணைக் கசக்கியபடி முப்பது வருஷம் அந்த அடுப்படியில் நின்றாளே, அதை யாரும் சொல்லவில்லை. ஓட்டின் உள்பக்கம் எப்படிக் கறுத்திருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தேன். மாரடைப்பு என்று வந்த ஒவ்வொருவரிடமும் பீடி, சிகரெட் உண்டா என்று கேட்டு எழுதினேன். உங்கள் வீட்டில் என்ன அடுப்பு என்று ஒருத்தியைக்கூடக் கேட்டதில்லை. வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் கெட்டதால். அம்மாவின் சாவுக்குப் புகைதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

உன் வீட்டில் விறகடுப்பு இல்லைதான். ராத்திரி ஏசிக்காக ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைக்கிறாயே, அதற்கு என்ன பெயர்? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-லேயே ஓர் ஆய்வு வந்துவிட்டது. சிகரெட்டைத் தொடாத உனக்கு இது தேவையா? அதே அறையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய காற்று வடிகட்டும் மெஷினும் ஓடுகிறது! சிவப்பு விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று அதன் மேல் துண்டைப் போட்டிருந்தாய். நடுராத்திரியில் எடுத்துப் பார்த்தேன், நுண்துகள் அளவு 214 காட்டியது. ஒரு நாள் சராசரி, ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு.

தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள் அது. மூக்கு முடியும் சளியும் அதைத் தடுக்காது. நுரையீரலின் அடிவரை போய் அழற்சியை மூட்டும். ரத்தக்குழாய் இறுகும், அழுத்தம் ஏறும். வயிற்றுக் கொழுப்பு ஏற்கெனவே உடம்புக்குள் ஒரு கனலை மூட்டி வைத்திருக்கிறது. அதனால்தான் எடையையும் காற்றையும் உனக்கு நான் தனித்தனியாகப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து முதியோர் குடியிருப்பில் 40 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2018-ல் வெளியானது. வடிகட்டி மூன்றே நாள் ஓடியதில் மேல் அழுத்தம் சுமார் 3 புள்ளி இறங்கியது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினாயோ, அடுத்த ரயிலில் வந்து நிற்பேன். மூன்று புள்ளி மாத்திரைக்கு ஈடாகாது. ஆனால் சும்மா கிடைக்கிற மூன்றை ஏன் விட வேண்டும்?

சுருளை இன்றைக்கே தூக்கிப் போடு. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி இறக்கையே சுற்றவில்லை; கழற்றிக் கழுவு. மீன் வறுக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தச் சொல்லி உன் மனைவியிடம் நான் கெட்ட பெயர் வாங்கமாட்டேன். கதவைத் திறந்து வைத்துப் போட்டால் போதும். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். பதினோரு மணி பரோட்டா வேண்டாம்.

கொசுவலை இங்கே கடைத்தெருவில் தைக்கக் கொடுக்கப் போகிறேன். உன் கட்டில் ஆறுக்கு ஐந்தா, ஆறுக்கு ஆறா என்று அளந்து உடனே சொல்.

அன்புடன்,
அக்கா